கடைப் பலகைக்கு நகராட்சி நோட்டீஸ்: நகர்மன்றம் எதைத் தளர்த்தலாம், எதைத் தொட முடியாது

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். ரத வீதியை ஒட்டிய தெரு. முன் சுவரில் லாட்ஜின் பெயர். வாசலுக்கு மேலே, தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் எரிகிற ஒரு லைட் போர்டு. மொட்டை மாடியில் இரும்பு ஆங்கிள் அடித்து ஒரு சிமென்ட் கம்பெனியின் பெரிய ஃபிளெக்ஸ். அதற்கு மாதாமாதம் வாடகை வருகிறது. ஒருநாள் நகராட்சியிலிருந்து நோட்டீஸ்: பலகைகளை அகற்றுங்கள், இல்லாவிட்டால் நாங்களே அகற்றிச் செலவை உங்களிடம் வசூலிப்போம்.

அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வார்டு உறுப்பினருக்குப் போன் போகும். "மனுவாக் கொடுங்கண்ணே, கூட்டத்துல வைப்போம்" என்பார். மனுவில் பல வருடமாக இருக்கிறது, வாழ்வாதாரம், கருணை கூர்ந்து என்றெல்லாம் எழுதிக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட மனு பெரும்பாலும் தோற்கிறது. அதிகாரிகள் கல்நெஞ்சர்கள் என்பதால் அல்ல. மூன்று பலகையையும் ஒரே பலகையாக நினைத்து எழுதியதால். மூன்றுக்கும் கேள்வி வேறு, சட்டம் வேறு. நகர்மன்றத்தின் கை அதில் பாதிக்குத்தான் எட்டும்.

எந்தப் பலகை என்ன கணக்கு

சட்டம் முதலில் கேட்பது, பலகை பெயரைச் சொல்கிறதா, விளம்பரம் செய்கிறதா என்பதை. உங்கள் கட்டடத்துக்குள் நடக்கும் வியாபாரத்தின் பெயரைச் சொல்வது பெயர்ப்பலகை. வேறொருவருடைய பொருளை விற்பதற்காக வைப்பது விளம்பரப் பலகை. இந்தப் பிரிவினை இன்று நேற்று வந்ததல்ல. நகராட்சிகள் விளம்பர வரி வாங்கிய காலத்தில், 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே, அந்தக் கட்டடத்தில் நடக்கும் வியாபாரம் பற்றிய பலகைக்கு வரிவிலக்கு இருந்தது. அப்புறம் ஜி.எஸ்.டி. வந்தபோது, விளம்பரத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டது. இப்போது உரிமமும் அதற்கான கட்டணமும்தான்.

ஆக, சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் பெயர் ஒரு ரகம். மாடியில் நிற்கும் சிமென்ட் ஃபிளெக்ஸ் இன்னொரு ரகம். நீட்டிக்கொண்டிருக்கும் லைட் போர்டு பெயர்ப்பலகைதான், ஆனால் அது தொங்குவது உங்கள் இடத்தில் அல்ல, தெருவுக்கு மேலே. அதற்கு விளம்பரச் சட்டம் பொருந்தாவிட்டாலும் ஆக்கிரமிப்பு என்ற கேள்வி வந்துவிடும்.

மொழி: இங்கேதான் ராமேஸ்வரம் அதிகம் மாட்டுகிறது

வடக்கிலிருந்து வரும் யாத்ரீகர்களை நம்பி நடக்கும் ஊர் இது. அக்னி தீர்த்தத்திலிருந்து கோயில் வரை சங்குக் கடை, பாசிமணிக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும் இந்தியும் தெலுங்கும் வங்காளமும் இருக்கும். சில பலகைகளில் இந்தி மேலே பெரிதாக இருக்கும், தமிழ் கீழே மூலையில் எறும்பு ஊர்வது போல.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. அதன் விதிகள் 1948இல். அதில் 15ஆம் விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும், வேறு மொழி இருந்தால் அது தமிழுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலம் இரண்டாவது, மற்ற மொழி மூன்றாவது. இட அளவு 5:3:2. ஓட்டல்களுக்கு 1958ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இதேபோன்ற விதி தனியாக உண்டு.

இதைப் பலகையில் போட்டுப் பாருங்கள். பெயர் எழுதும் இடம் 40 அங்குல உயரம் என்றால், மேலே 20 அங்குலம் தமிழுக்கு. அதன் கீழே 12 அங்குலம் ஆங்கிலம். கடைசி 8 அங்குலம் இந்திக்கோ தெலுங்குக்கோ. இரண்டும் வேண்டுமென்றால் அந்த எட்டுக்குள்தான் பங்கு. பலகை செய்பவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் வரைந்து கொடுத்துவிடுங்கள். அவரிடம் இருக்கும் பழைய டிசைனில் லோகோதான் பாதி இடத்தைப் பிடித்திருக்கும்.

இந்தி வைக்கக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. வரிசையும் அளவும்தான் பிரச்சினை. வாடிக்கையாளர் படிக்க வேண்டும் என்ற கவலை நியாயமானது. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் அறை வாடகைப் பட்டியலை இந்தியில் ஒட்டினால் அந்தக் கவலை தீர்ந்துவிடும். பெயர்ப்பலகையிலேயே தீர்க்க வேண்டும் என்பதில்லை.

இந்த விதியை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. நகராட்சி அல்ல. 'யாத்திரைத் தலம் என்பதால் இந்தியை மேலே வைக்க அனுமதிக்கலாம்' என்று நகர்மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அதற்கு மதிப்பில்லை. மாநில விதியை நகர்மன்றம் தளர்த்த முடியாது. நோட்டீஸில் 15ஆம் விதி என்று இருந்தால் கவுன்சிலர் வீட்டுக்கு அலையாமல் பலகையை மாற்றுங்கள். செலவும் குறைவு, காலமும் மிச்சம்.

மாடி மேல் விளம்பரம்: இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998ஆம் ஆண்டினது. அதற்கான விதிகள் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் உள்ளன. விளம்பரப் பலகை வைக்க ஆணையாளரின் உரிமம் வேண்டும். அது உங்கள் சொந்த மாடியாக இருந்தாலும் சரிதான்.

கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் பொறியாளர் நிலை தடுமாறி, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். 2023 ஜூனில் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகையின் சட்டகம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அதை ஒட்டி, உரிமமில்லாமல் பலகை வைத்தால் சிறையும் அபராதமும் உண்டு, விபத்து நடந்தால் இடத்தின் உரிமையாளரும் பொறுப்பு என்று அரசு அறிவித்தது. வாடகை வாங்கும் லாட்ஜ்காரர் இந்தக் கடைசி வார்த்தையை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

நம் கரையில் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். ரயிலுக்கே அந்த நிலை என்றால் நாலு ஆங்கிளில் நிற்கும் ஃபிளெக்ஸ் எம்மாத்திரம்? உப்புக் காற்றில் வெல்டிங் வைத்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். பெயின்ட் மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு பொரிந்துபோயிருக்கும். ஃபிளெக்ஸில் அரை நிலா மாதிரி வெட்டிவிட்டால் காற்று போய்விடும் என்று பலகை கட்டுபவர்கள் சொல்வார்கள். அந்த வெட்டைப் பொறியாளரின் உறுதிச் சான்றாக யாரும் ஏற்கமாட்டார்கள். மின்கம்பியையும் பாருங்கள்: தெருவில் போகும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் பலகைக்கும் இடையே பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இருக்க வேண்டும்.

உங்கள் இடம் யார் எல்லை?

ராமநாதபுரம் மாவட்டத்தில் நகர்மன்றம் இருப்பது ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் என நான்கு ஊர்களில். மண்டபமும் தொண்டியும் பேரூராட்சி. பாம்பனும் தங்கச்சிமடமும் தேவிபட்டினமும் ஊராட்சி. அங்கெல்லாம் நகர்மன்றத்திடம் போய்ப் பயனில்லை. இது போக, தேசிய நெடுஞ்சாலை 87 ஓரத்தில், சாலைக்குச் சொந்தமான நிலத்தில் கம்பம் நட்டிருந்தால், நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த அனுமதி உதவாது. 2002ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும்.

சரி, நகர்மன்றத்தில் என்னதான் கேட்கலாம்?

முதல் வேலை, நோட்டீஸில் குறிப்பிட்ட நாளுக்குள் ஆணையாளருக்கு எழுத்து மூலம் பதில். அந்தப் பதில் இல்லாமல் நகர்மன்றத்துக்கு மனு கொடுப்பது வீண். நோட்டீஸில் எந்தப் பிரிவு என்று இருக்கிறதோ, அந்த உத்தரவுக்கு யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு என்பதைச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிவே குறிப்பிடவில்லை என்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதுங்கள். கவுன்சிலரிடம் மனு கொடுத்தேன் என்பதற்காக அந்த நாள்கணக்கு நிற்காது.

பதிலில் உருக்கம் வேண்டாம், அளவு வேண்டும். இந்த மாதிரி:

"முதல் பலகை எங்கள் கட்டடத்தின் முன் சுவரோடு ஒட்டியது. சுவரிலிருந்து 4 அங்குலம் மட்டுமே வெளியே உள்ளது. இதில் எங்கள் லாட்ஜின் பெயர் தவிர வேறு எதுவும் இல்லை. எனவே இதை விளம்பரப் பலகையாகக் கருதியதை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். இரண்டாவது பலகையைத் தெருவுக்கு மேலிருந்து எடுத்துச் சுவரோடு பொருத்த 30 நாள் அவகாசம் வேண்டுகிறேன். நேரில் விளக்கம் தர வாய்ப்பளிக்கவும்."

கூடவே போட்டோ, சொத்து வரி ரசீது, கடைப் பதிவுச் சான்று. நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். இல்லையென்றால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்.

இதன் நகலைத்தான் நகர்மன்றத் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கொடுக்க வேண்டும். மாதக் கூட்டத்தின் பொருள் நிரலில் அது வந்தால், மன்றம் எடைபோடக் கூடியது பெயர்ப்பலகையை விளம்பரம் என்று தவறாக வகைப்படுத்தியிருக்கிறார்களா, அவகாசம் தரலாமா, ஒரு தெரு முழுவதற்கும் ஒரே மாதிரி நடவடிக்கை எடுக்கப்படுகிறதா என்பவற்றைத்தான். இந்த மூன்றாவது கேள்வியைத்தான் உறுப்பினர்கள் ஆவேசமாகப் பேசுவார்கள், நியாயமும் அதில் உண்டு. ஒரு கடைக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவது நிர்வாகம் அல்ல.

ஆனால் 'பக்கத்துக் கடைக்காரனும் வைத்திருக்கிறானே' என்பதை முக்கிய வாதமாக வைக்காதீர்கள். சட்டத்தை மீறுவதில் சமத்துவம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. அந்த வாதத்தால் நடக்கக்கூடியது ஒன்றுதான்: பக்கத்துக் கடைக்கும் நோட்டீஸ் போகும். அப்புறம் அவர் உங்களோடு பேசமாட்டார்.

மன்றம் உங்களுக்குச் சாதகமாகத் தீர்மானம் போட்டாலும், அது சட்டத்துக்கு முரணாக இருந்தால் மாநில அரசு அதை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். அதனால்தான் விவரமான தலைவர்கள் 'பலகை இருக்கட்டும்' என்று தீர்மானம் போடமாட்டார்கள். 'மனுதாரரின் விளக்கத்தை ஆணையாளர் பரிசீலித்து உத்தரவிட வேண்டும்' என்று போடுவார்கள். கேட்க மழுப்பலாக இருக்கும். உங்களுக்கு அதுதான் பலம், ஏனென்றால் காரணம் சொல்லும் உத்தரவு ஒன்று கையில் கிடைக்கும்.

தீர்மான நகல் தர இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உத்தரவு நியாயமில்லை என்று தோன்றினால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். அங்கே முதலில் கேட்பது, சட்டம் கொடுத்த மேல்முறையீட்டைப் பயன்படுத்தினீர்களா, விளக்கம் கொடுத்தீர்களா என்பதுதான். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம், தடையில்லை. அந்த மனு சுற்றிக்கொண்டு திரும்ப நகராட்சி ஆணையாளர் மேசைக்குத்தான் வரும்.

கட்டடம் வாடகைக்கு எடுத்தது என்றால் இன்னும் ஒன்று. மாடியை விளம்பரத்துக்கு விட்டது வீட்டுக்காரர், நோட்டீஸ் வந்தது உங்கள் கடை பெயருக்கு என்பது அடிக்கடி நடக்கிறது. வாடகை ஒப்பந்தத்தின் நகலை வைத்து, மாடி உங்கள் வசம் இல்லை என்று அதே பதிலில் எழுதிவிடுங்கள். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று விட்டால், அகற்றும் செலவு உங்கள் பெயரில் ஏறும்.