சொல் விளக்கம்: ஸ்டாக் கார்

அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பற்றிய தமிழ்க் குறிப்பு அண்மையில் என் கைக்கு வந்தது. மெய்ப்புப் பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘நாஸ்கார் ரேஸ் ஹப் என்பது பங்குக் கார் பந்தயம் பற்றிய செய்தி நிகழ்ச்சி’ என்று இருந்தது. நாஸ்கார் என்பது அமெரிக்காவில் கார் பந்தயம் நடத்தும் அமைப்பு. ஆனால் பங்குக் கார் என்றால் என்ன? நான்கு பேர் பங்கு போட்டு வாங்கிய காரா? பங்குச் சந்தையில் விலைபோகும் காரா? எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அகராதியில் ஸ்டாக் என்ற சொல்லுக்கு எதிரே முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் அந்த ஒரு சொல் தவறியதில் விளையாட்டே வாசகருக்குப் பிடிபடாமல் போகிறது. அந்தப் பந்தயத்தின் பிறப்பு, விதி, வழக்கு எல்லாம் ஸ்டாக் என்ற சொல்லைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பொருள் எளியது. விற்பனைக்கூடத்தில் நிற்கும் இருப்பிலிருந்து அப்படியே ஓட்டிவந்த வண்டி, தொழிற்சாலையில் எப்படிச் செய்தார்களோ அப்படியே இருக்கும் வண்டி, ஸ்டாக் கார். பந்தயத்துக்கென்றே தனியாகக் கட்டப்படும் ஃபார்முலா ஒன் வண்டியிலிருந்து இதைப் பிரித்துக்காட்டவே இந்தப் பெயர். நம் ஊர் மோட்டார் சைக்கிள் பிரியர்கள் ‘ஸ்டாக் சைலன்சர்’ என்று சொல்வதும் இதே பொருளில்தான். வாங்கும்போது வண்டியோடு வந்தது, பிறகு மாற்றாதது.

சொல்லின் வேர் மரத்தில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டோக்’ என்றால் அடிமரம், மரக்கட்டை. அடிமரத்திலிருந்து கிளைகள் பிரிவதைப் பார்த்து, குலத்துக்கும் வம்சத்துக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு எதை அடியாக வைத்து மற்றது பெருகுகிறதோ அதுவெல்லாம் ஸ்டாக் ஆயிற்று. வணிகரின் கையிருப்பு ஸ்டாக், பண்ணையின் ஆடுமாடு ஸ்டாக். தமிழ் படித்தவருக்கு இந்தப் பாதை புதிதாகத் தோன்றாது. நம் ‘முதல்’ என்ற சொல் அடியையும் வேரையும் குறிக்கிறது, வணிகத்தில் போட்ட பணத்தையும் குறிக்கிறது. இலக்கணத்தில் முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் சொல்கிறோம். சினை என்றால் கிளை. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் மரத்தடியில் ஒரே விதமாகச் சிந்தித்திருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

பங்கு என்ற பொருள் வந்த வழி வேறு. இடைக்கால இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தில் கணக்கைக் குச்சியில் வைத்தார்கள். தொகைக்கு ஏற்பக் குச்சியின் குறுக்கே வெட்டுகள் போட்டு, பிறகு அதை நெடுக்காகப் பிளப்பார்கள். இரண்டு பாதியிலும் ஒரே வெட்டுகள் இருப்பதால் ஏமாற்ற முடியாது. நீளமான பாதி பணம் கொடுத்தவரிடம் போகும். அந்தப் பாதிக்குப் பெயர் ஸ்டாக். அதை வைத்திருப்பவருக்குப் பணத்தில் உரிமை உண்டு என்பதிலிருந்து, நிறுவனத்தில் உள்ள உரிமைப் பங்கு என்ற பொருள் கிளைத்தது. (1834-ல் பழைய கணக்குக் குச்சிகளை நாடாளுமன்றத்தின் உலைகளில் போட்டு எரித்தபோது தீ பரவிக் கட்டடத்தின் பெரும்பகுதி சாம்பலானது.) பந்தயக் காருக்கும் இந்தக் கிளைக்கும் தொடர்பே இல்லை.

ஸ்டாக் கார் என்ற தொடரையே பிடித்துக்கொண்டால்கூடச் சில இடங்களில் வழுக்கும். அமெரிக்க ரயில்வேயில் ஸ்டாக் கார் என்றால் மாடுகளை ஏற்றிச் செல்லும், பக்கங்களில் இடைவெளி விட்டுப் பலகை அடித்த பெட்டி. பிரிட்டனில் 1954 முதல் நடக்கும் ஸ்டாக் கார் பந்தயமோ வேறு வகை. அங்கே வண்டியைச் சுற்றி இரும்புத் தடுப்புக் கட்டி, ஒன்றையொன்று இடித்துத் தள்ளுவதற்கே அனுமதி உண்டு. நாம் பேசுவது அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் ஸ்டாக் கார்.

1947 டிசம்பர் 14 அன்று ஃபுளோரிடாவின் டேடோனா பீச் நகரில், ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலின் மாடியில், பில் ஃபிரான்ஸ் என்பவர் பந்தய ஓட்டிகளையும் மெக்கானிக்குகளையும் பந்தயம் நடத்துகிறவர்களையும் கூட்டினார். அடுத்த பிப்ரவரியில் பதிவான அமைப்பின் நீண்ட பெயரைச் சுருக்கியதே நாஸ்கார். ஸ்டாக் கார் பந்தயத்துக்கான தேசியச் சங்கம் என்று பொருள். பெயரில் ஸ்டாக் கார் இருந்தாலும், 1948-ல் ஓடியவை பழைய வண்டிகளைப் பிரித்து மாற்றிக் கட்டியவை. அவற்றை ‘மாடிஃபைடு’ என்றார்கள். போர் முடிந்து புதுக் கார் கிடைப்பதே அரிதாக இருந்த நேரம் அது. ஊரே காத்திருந்து வாங்கும் பொருளை மண் தடத்தில் நொறுக்க யாருக்கு மனம் வரும்? 1949-ல்தான் புது வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது. அதன் பெயர் ‘ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்’. கண்டிப்பாக ஸ்டாக், ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்ற பிடிவாதம் பெயரிலேயே இருந்தது.

அந்தப் பிடிவாதத்துக்கு முதல் நாளே சோதனை வந்தது. 1949 ஜூன் 19, வட கரோலினாவின் சார்லட். முக்கால் மைல் மண் தடம், 200 சுற்று. கிளென் டனவே ஓட்டிய 1947 ஃபோர்டு முதலாவதாக வந்தது. பந்தயம் முடிந்ததும் வண்டியின் அடியில் பார்த்தார்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் கைவரிசை தெரிந்தது. அது கள்ளச்சாராயம் கடத்திய வண்டி. பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், பார்த்தவுடன் அதிகாரிகளுக்குப் புரிந்துவிடும். அமுங்காமலும், மலைப்பாதை வளைவில் சாயாமலும் இருக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்கிக் கட்டுவது கடத்தல்காரர்களின் வழக்கம். லாரிப் பட்டறையில் கூடுதல் பாரத்துக்காகப் பட்டை சேர்த்துக் கட்டுவதைப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும். டனவேயின் வெற்றி பறிக்கப்பட்டு, லிங்கன் காரில் இரண்டாவதாக வந்த கான்சஸ் மாநிலத்து ஜிம் ரோப்பருக்குக் கொடுக்கப்பட்டது. ஃபோர்டின் உரிமையாளர் நீதிமன்றம் போனார், தோற்றார். ஸ்டாக் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்யும் அதிகாரம் நாஸ்காருக்கு அன்று உறுதியானது.

இனி, தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். இருப்புக் கார், சரக்குக் கார் என்று எழுதிப் பார்த்தேன். முன்னது எதையும் சொல்லவில்லை. பின்னது மூட்டை ஏற்றும் வண்டியை நினைவூட்டுகிறது. சாதாரணக் கார் என்றால் தரத்தைக் குறைத்துச் சொல்வது போல இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் ‘எஞ்சினில் கைவைக்காத வண்டி’ என்று சொல்வார்கள். வாங்க வந்தவர் பானெட்டைத் திறந்து, தலையெல்லாம் தேயாமல் இருக்கும் போல்ட்டுகளை விரலால் தடவிப் பார்த்துத் தலையசைப்பார். ஸ்டாக் என்பதன் உயிர் அந்தக் ‘கைவைக்காத’ என்ற சொல்லில் இருக்கிறது. பேச்சுக்கு இதைவிடச் சிறந்த சொல் இல்லை. ஆனால் ஒரு விளையாட்டின் பெயராக நிற்க இன்னும் கச்சிதமான சொல் வேண்டும்.

அது நம் இலக்கணத்தில் ஆயத்தமாகவே இருக்கிறது: இயல்பு. பொன்னும் மலரும் சேர்ந்தால் பொன்மலர். எதுவும் கூடவில்லை, குறையவில்லை, மாறவில்லை. அதை இயல்பு புணர்ச்சி என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மாற்றம் நேர்ந்தால் அது விகாரம். பூங்கொடியில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது, பற்பொடியில் திரிகிறது, மரவேரில் கெடுகிறது. கார் பட்டறையில் நடப்பதும் இந்த மூன்றுதான். இல்லாததைச் சேர்ப்பார்கள், இருப்பதை மாற்றுவார்கள், வேண்டாததைக் கழற்றிவிடுவார்கள். எனவே ஸ்டாக் கார் என்பதை இயல்புக் கார் என்றும், மாடிஃபைடு என்பதைத் திரிபுக் கார் என்றும் சொல்லலாம் என்பது என் துணிபு. தனித்தமிழ் விரும்புகிறவர்கள் இயல்பு மகிழுந்து என்று எழுதிக்கொள்ளலாம். இயல்புக் கார் என்று எழுதும்போது ‘க்’ விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. இன்றைய நாஸ்கார் வண்டியில் இயல்பு எங்கே இருக்கிறது? முன்பக்கம் இரண்டு விளக்குகள் தெரியும். அருகில் போய்ப் பார்த்தால் விளக்கு இல்லை, விளக்கின் படம் அச்சிட்ட ஒட்டுத்தாள். கதவு இருப்பது போல் இருக்கும், திறக்காது. ஓட்டி சன்னல் வழியாகக் காலை நுழைத்து உள்ளே இறங்கி, அதன் பிறகு அந்தச் சன்னலுக்கு வலை மாட்டுவார். வண்டியின் வெளியுடலுக்கு அடியில் இருப்பது பந்தயத்துக்கென்றே கட்டிய எஃகுக் குழாய்க் கூண்டு. ஒரு காலத்தில் விதி இதற்கு நேர்மாறாக இருந்தது. பந்தயத்தில் ஓட்ட வேண்டுமானால் அதே வண்டியைக் கடையிலும் விற்றாக வேண்டும். அதற்காக 1970-ல் பிளிமத் நிறுவனம், கூரிய மூக்கும் பின்னால் உயர்ந்து நிற்கும் இறக்கையுமாக சூப்பர்பேர்டு என்ற காரை ஏறத்தாழ 2,000 எண்ணிக்கையில் செய்து விற்பனைக்கு அனுப்பியது. காரைப் பந்தயத்துக்குக் கொண்டுபோன காலம் மாறி, பந்தயத்துக்காகக் கடையில் கார் வைத்த காலம் அது. இப்போது அதுவும் போய்விட்டது.

ஆனாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காயிலிருந்து எடுத்ததையும் தேங்காய் எண்ணெய் என்றுதானே சொல்கிறோம்? பிறந்த இடத்தைச் சொல் மறப்பதில்லை. ஆங்கிலத்திலும் ஸ்டாக் என்ற சொல் அப்படியேதான் தங்கியிருக்கிறது.

தொலைக்காட்சிதான் இந்தச் சொல்லைத் தெற்கு மாநிலங்களுக்கு வெளியே கொண்டுபோனது. 1979 பிப்ரவரி 18 அன்று நாஸ்காரின் புகழ்பெற்ற டேடோனா 500 பந்தயத்தைச் சி.பி.எஸ். தொலைக்காட்சி தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையாகக் காட்டியது. வடகிழக்கில் பனிப்புயல் அடித்து மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாள். கடைசிச் சுற்றில் முன்னால் போன டானி அலிசனும் கேல் யார்பரோவும் மோதிக்கொண்டு, இறங்கிக் கைகலப்பில் ஈடுபட, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் மட்டும் போதவில்லை, வாரநாட்களுக்கும் செய்தி வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் இ.எஸ்.பி.என். 2 அலைவரிசையில் ‘ஆர்.பி.எம். டுநைட்’ வந்தது. 2007 முதல் 2014 வரை அதே அலைவரிசையில் ‘நாஸ்கார் நவ்’. குறிப்பில் இருந்த ‘நாஸ்கார் ரேஸ் ஹப்’ 2009 அக்டோபர் 12 அன்று ஸ்பீடு அலைவரிசையில் தொடங்கி, 2013-ல் ஸ்பீடு அலைவரிசையே ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் 1 ஆனபோது அங்கே தொடர்ந்து, 2024-ல் நின்றது. பந்தய அணிகளின் பட்டறைகள் சூழ்ந்த சார்லட்டிலிருந்தே தயாரித்தார்கள். அதன் முகமாக அறியப்பட்ட ஸ்டீவ் பர்ன்ஸ் புற்றுநோயால் 2015 ஏப்ரல் 21 அன்று இறந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு பிரிஸ்டலில் நடந்த பந்தயத்துக்கு அவர் பெயரைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு செய்தியாளருக்குப் பந்தய உலகம் அப்படி மரியாதை செய்தது.

ஹப் என்பது வண்டிச் சக்கரத்தின் குடம். ஆரக்கால்கள் எல்லாம் வந்து சொருகிக்கொள்ளும் நடுப்பகுதி. பந்தயச் செய்திகள் வந்து கூடும் இடம் என்ற கருத்து. குடம் என்ற அழகான சொல்லை இன்று பலர் மறந்துவிட்டதால், பந்தய மையம் என்றே எழுத வேண்டியிருக்கிறது.

2010-ல் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயத்தில் இறங்கி, மார்ட்டின்ஸ்வில் தடத்தில் முதல் முயற்சியிலேயே 13-ஆவதாக முடித்தார். தமிழில் இந்தச் சொல்லை நிலைநிறுத்த அதைவிட நல்ல தருணம் இல்லை.

ரேஸ் ஹப் போன்ற நிகழ்ச்சிகளின் வாரநாள் செய்திகளில் பெரும்பகுதி வண்டிகளைச் சோதிக்கும் கூடத்திலிருந்துதான் வரும். யார் வண்டியில் எது அனுமதித்த அளவை மீறியது, யாருக்கு எத்தனை புள்ளி குறைந்தது என்பவை. முன்பு வண்டியின் மேல் உலோக அச்சுத் தகடுகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். 2018 முதல் கேமராக்களும் ஒளிக்கதிர்களும் அளக்கின்றன. 2022 ஜூலையில் போக்கோனோ தடத்தில் முதலாவதாக வந்த டென்னி ஹாம்லின், இரண்டாவதாக வந்த கைல் புஷ் இருவரின் வண்டிகளும் பந்தயம் முடிந்தபின் தகுதி இழந்தன. முன்பக்கக் கீழ்முனைகளில், மேலே ஒட்டிய வண்ணத் தாளுக்கு அடியில், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒட்டுநாடாத் துண்டுகள் இருந்தன. நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயத்தில் வென்றவர் தகுதி இழப்பது 1960-க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஒரு சுற்றில்கூட முன்னணியில் இல்லாத சேஸ் எலியட்டுக்கு வெற்றி போனது. டனவேயின் வண்டியில் ஸ்பிரிங், ஹாம்லினின் வண்டியில் ஒட்டுநாடா. இரண்டும் தோன்றல் விகாரம்.

குறிப்பின் முதல் வரியைத் திருத்தி அனுப்பிவிட்டேன்: ‘நாஸ்கார் ரேஸ் ஹப் என்பது 2009 முதல் 2024 வரை ஒளிபரப்பான, இயல்புக் கார் பந்தயம் பற்றிய செய்தி நிகழ்ச்சி.’