இரண்டாவது கியர் ஏன் முதலில் தேய்கிறது?

றம்பொடைப் பக்கம் பழைய கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கொண்டை ஊசி வளைவு வருகிறது, மூன்றாவது கியரில் எஞ்சின் திணறுகிறது. கிளட்சை மிதித்து இரண்டாவதுக்கு இழுத்தால் "கர்ர்ர்" என்று தகரத்தைப் பல்லால் கடித்தது போல ஒரு சத்தம். பின்சீட்டில் இருப்பவர், "கிளட்ச ஒழுங்கா மிதிப்பா" என்பார். காலில் குற்றமில்லை. கியர் பொக்ஸுக்குள்ளே, குழந்தையின் கைவளையல் அளவில் இருக்கும் ஒரு வெண்கல வளையம் தேய்ந்து போயிருக்கிறது.

எங்களுடைய 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் காரில் அந்த வளையத்தை மாற்றப் போய், போன மழைக்காலம் முழுவதும் ஹற்றனில் சித்தப்பா வீட்டுத் தகரக் கொட்டிலிலேயே கழிந்தது. சித்தப்பா தேயிலை பெக்டரியில் பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கார் கியர் பொக்ஸை அதற்கு முன் அவர் பிரித்ததில்லை. "பல்லு, சாஃப்ட், பெயரிங். இதத்தானே முப்பது வருசமா பாத்தேன், கொண்டா" என்றார்.

கியர் எதற்கு என்பதை அவர்தான் பெக்டரியை வைத்து எனக்கு விளங்க வைத்தார். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் கூரைக்குக் கீழே நீளமாக ஒரே ஒரு சாஃப்ட், அதாவது சுற்றும் இரும்புத் தண்டு, ஓடும். அதில் சின்னதும் பெரியதுமாகப் புலிகள் இருக்கும். காட்டுப் புலி இல்லை, பெல்ட் ஓடும் சக்கரத்துக்கு அங்கே அதுதான் பெயர். சின்னப் புலியிலிருந்து பெரிய புலிக்கு பெல்ட் போட்டால் பெரியது மெதுவாகச் சுற்றும், ஆனால் பலமாகச் சுற்றும். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கும் வியாபாரம். கியர் பொக்ஸில் பெல்ட்டுக்குப் பதிலாகப் பற்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வியாபாரத்தின் கணக்கைப் பார்த்தால் மலைநாட்டுக்காரர்களின் கஷ்டம் தெரியும். எங்கள் காரில் இருப்பது 1098 சிசி எஞ்சின். நிமிடத்துக்கு 2500 சுற்றில் அதன் முறுக்கு விசை சுமார் 81 நியூட்டன் மீட்டர். கியர் பொக்ஸின் விகிதங்கள் முதலாவதில் 3.628, இரண்டாவதில் 2.172, மூன்றாவதில் 1.412, நாலாவதில் நேருக்கு நேர் 1. அதற்குப் பிறகு பின் அச்சில் இன்னொரு 4.22 மடங்கு. இவற்றைப் பெருக்கிச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால், மூன்றாவது கியரில் கார் ஏறத்தாழ 170 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையோடு முன்னே தள்ளப்படுகிறது. இரண்டாவதில் அது 260 கிலோ.

இனி ரோட்டைப் பாருங்கள். நாலு பேரும் சாமானும் ஏறினால் கார் சுமார் 1050 கிலோ. எட்டடி போனால் ஓரடி உயரும் சரிவில், எடையில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 131 கிலோ, காரைப் பின்னுக்கு இழுக்கும். டயர் உருளும் தடையையும் சேர்த்தால் 145 என்று வைப்போம். பற்களின் உரசலில் பத்து வீதம் போனாலும் மூன்றாவது கியருக்கு 150 மிஞ்சும். கடல் மட்டத்தில் இப்படி ஒரு சரிவு இருந்தால் முக்கி முனகி ஏறிவிடலாம். ஆனால் நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் உறிஞ்சும் காற்றும் அவ்வளவு குறைவு, பலமும் அவ்வளவு குறைவு. மூன்றாவதின் 150 இப்போது 120. சரிவு கேட்பதோ 145. இரண்டாவதுக்கு இறங்காமல் வழியே இல்லை. கொழும்பில் ஓடும் கார் ஒரு நாளில் இரண்டாவது கியரைக் கேட்பதை விட, எங்கள் கார் பூண்டுலோயாவுக்குப் போய் வருவதற்குள் அதிகம் கேட்டுவிடும்.

சரி, அந்தக் கேட்டல் எப்படி வளையத்தைத் தின்கிறது? கியர் மாற்றும்போது பல்லும் பல்லும் போய்ப் பொருந்துகின்றன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இரண்டு, மூன்று ஆகிய கியர்களின் பற்கள் எஞ்சின் சுற்றும், கீழே இருக்கும் துணை சாஃப்டின் பற்களோடு எந்நேரமும் பொருந்தியேதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவை மேலே உள்ள, சக்கரங்களுக்குப் போகும் முதன்மை சாஃப்டில் ஒட்டியிருப்பதில்லை, சும்மா வழுக்கிச் சுழல்கின்றன. நாம் லீவரை இழுக்கும்போது ஓர் உறை நகர்ந்து போய், அவற்றில் ஒன்றை மட்டும் சாஃப்டோடு பூட்டுகிறது. நாலாவதும் இதே மாதிரியான பூட்டுத்தான், எஞ்சின் பக்க சாஃப்டோடு நேராக. கியர் போடுவது என்றால் பூட்டுவது.

பூட்டவேண்டிய இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதுதான் சிக்கல். மூன்றாவதில் எஞ்சின் 1500 சுற்றில் திணறும்போது கார் மணிக்கு 27 கிலோமீட்டர் அளவில் போகிறது. அதே வேகத்தில் இரண்டாவதுக்கு வர, கிளட்ச் தட்டு, எஞ்சின் பக்க சாஃப்ட், துணை சாஃப்ட் எல்லாமே சுமார் 2300 சுற்றுக்கு ஏறவேண்டும். கிளட்சை மிதித்தாயிற்று, எஞ்சின் உதவாது. யார் ஏற்றுவது? அந்த வெண்கல வளையம். கியரின் பக்கத்தில் புனல் வடிவில் ஓர் இரும்புக் கூம்பு இருக்கிறது. வளையம் அதன் மேல் போய் அழுந்தி, உரசி, அரை வினாடிக்குள் அத்தனை பாரத்தையும் இழுத்து வேகத்துக்குக் கொண்டுவருகிறது. மேல் கியருக்கு மாற்றும்போது சுற்றைக் குறைத்தால் போதும், ஒயிலின் இழுவையும் கைகொடுக்கும். கீழ் கியருக்கு வரும்போது அதே ஒயில் எதிராக நிற்கும். மேடாக இருந்தால் அந்த நேரத்தில் காரும் வேகத்தை இழந்துகொண்டே போகும், ஓட்டுபவரும் அவசரத்தில் லீவரை அமுக்குவார்.

வேகம் சமமாகும் வரை உறையை உள்ளே விடாமல் தடுப்பதும் இதே வளையம்தான். அதன் வெளி விளிம்பில் கூர்முனைப் பற்கள் உண்டு. உரசல் இருக்கும் வரை வளையம் அரைப் பல் அளவு பக்கமாக இழுபட்டு நிற்கும். உறையின் பற்கள் வந்து அதில் முட்டும், போகாது. வேகம் சமமானதும் இழுப்பு அற்றுப்போகும், உறை வளையத்தை இலேசாக ஒதுக்கிவிட்டு உள்ளே போகும். கோச்சி போகும் வரை திறக்காத ரயில்வே கேட் மாதிரி. வளையம் தேய்ந்தால் கேட் கம்பம் முறிந்தது போல. உறை நேராகப் போய் ஓடுகிற பற்களில் இடிக்கும். நாம் கேட்கும் "கர்ர்ர்" அதுதான்.

எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒன்றாகவே முன்பக்கமாகத் தூக்கி எடுத்தோம். கொட்டிலின் குறுக்குக் கம்பத்தில் செயின் புளொக் கட்டியதும் கம்பம் வளைந்ததும் தனிக்கதை. பொக்ஸைத் திறக்கப் போன என்னைச் சித்தப்பா நிறுத்தினார். "எண்ணெயக் கொட்டிறாத தம்பி. மொதல்ல பாரு."

வெள்ளை எனாமல் பேசினில் ஒயிலை வடித்து, பழைய வேட்டித் துணியில் ஊற்றி, வாசல் வெளிச்சத்தில் பிடித்தோம். கறுப்பு ஒயிலுக்குள் மஞ்சள் மினுமினுப்பு, நகைக்கடைத் தூசி போல. அது வெண்கலம், வளையங்களின் தேய்மானம். காந்தத்தைத் துணிக்கு அடியில் நகர்த்தியபோது இன்னொரு வகைத் தூள் எழுந்து முள்ளுமுள்ளாக நின்றது. அது இரும்பு. மாவு போல இருந்தால் வயதின் தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை. செதிலாக, விரலில் குத்துவதாக இருந்தால் ஏதோ ஒரு பெயரிங்கோ பல்லோ உரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையதில் நாலைந்து செதில் இருந்தது. பிரிக்கும் முன்பே நோய் பாதி தெரிந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு சதம் செலவில்லை, ஆனால் நான் பார்த்த கராஜ்களில் யாரும் செய்வதில்லை, நேராக வாளியில் கொட்டிவிடுகிறார்கள்.

உறையை அதன் நடுக் கட்டையிலிருந்து கழற்றும்போது ஒரு பாடம் படித்தேன். கட்டைக்குள் மூன்று ஸ்பிரிங், அவற்றின் மேல் மூன்று சின்ன இரும்புக் குண்டுகள். உறை விலகிய மறுகணம் மூன்றும் மூன்று திசையில் பறந்தன. துணியால் சுற்றிக்கொண்டு கழற்றவேண்டும் என்பது பறந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு கிடைத்தன. மூன்றாவதை, உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி விறகுக் குவியலுக்குள் இழுத்து, இரண்டு ஆணி, ஒரு போத்தல் மூடி, ஒரு பிளேடு எல்லாவற்றுக்கும் பிறகு பிடித்தோம்.

வளையத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். துடைத்துவிட்டு அதன் கூம்பில் வைத்துக் கையால் அழுத்தித் திருகினால், நல்ல வளையம் கடித்துப் பிடிக்கும், பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். எங்கள் இரண்டாவது கியரின் வளையம் பழைய பானை மூடி போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. உட்பக்கம் நகத்தால் வருடிப் பார்த்தால் காரணம் புரிந்தது. புது வளையத்தில் மெல்லிய திருகுவெட்டுக் கோடுகள் கூர்மையாக இருக்கும். கூம்பின் மேல் இருக்கும் ஒயில் படலத்தை அறுத்து ஒதுக்குவது அந்தக் கூர்தான். அது மழுங்கினால் வளையம் ஒயிலில் மிதக்கும், உரசாது. மூன்றாவது, நாலாவது வளையங்களில் கூர் ஓரளவு மிச்சம் இருந்தது. ஆனாலும் மூன்றையும் மாற்றினோம். கார் சாமான் கடைகள் இருக்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு இன்னொரு தரம் பஸ் ஏறும் எண்ணம் எனக்கு இல்லை.

செதில்கள் வந்த இடம் துணை சாஃப்டின் மையத் தண்டு. ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட ஊசி பெயரிங் ஓடும் இடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். பற்கள் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால் சத்தம் குறைகிறது, ஆனால் ஒவ்வொரு பல்லும் சாஃப்டைப் பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க இரு முனையிலும் வாஷர்கள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே விடவேண்டிய இடைவெளி ஒரு கொப்பித் தாளின் தடிப்பை விடக் குறைவு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜை நான் மூன்று தரம் விட்டுப் பார்த்தேன், சித்தப்பா விரலால் ஆட்டிப் பார்த்து "போதும்" என்றார். இரண்டு முடிவும் ஒன்றுதான்.

எங்களுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. இறக்கத்தில் இரண்டாவது கியர் தானாகக் கழன்று விழும். இது சத்தத்தை விடப் பொல்லாதது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைப் பாதை டிரைவர்கள் சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. 1050 கிலோ கார் 1000 மீட்டர் இறங்கினால் வெளியேறவேண்டிய சக்தி சுமார் 10 மெகாஜூல், 30 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எஞ்சின் பிடிக்காவிட்டால் அதில் பெரும்பகுதி நாலு பிரேக் டிரம்முக்குள் சூடாக இறங்கும். இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுற்றுவதால் பூட்டுப் பற்களின் மறுபக்கத்தில் பாரம் விழுகிறது. அந்தப் பக்கம் தேய்ந்திருந்து, லீவர் தண்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் உறை பின்னால் வழுக்கிவிடும். எங்களுடைய ஸ்பிரிங் புதியதை விட நன்றாகவே கட்டையாகிப் போயிருந்தது. முழு வேலையிலும் மலிவான சாமான் அதுதான்.

பொருத்துவதில் இரண்டு தந்திரம். புது பெயரிங்கை சுத்தியலால் அடிக்கக் கூடாது. 25 மில்லிமீட்டர் துளையுள்ள உருக்கு வளையத்தை இருப்பதை விட 80 பாகை கூடச் சூடாக்கினால் துளை ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு விரியும், அது போதும். பழைய சட்டியில் ஒயிலைச் சூடாக்கி அதில் போட்டு எடுத்தோம், சாஃப்டில் தானாக இறங்கி உட்கார்ந்தது. இரண்டாவது, ஊசி பெயரிங்கைத் தாங்க ஒரு பொய்த் தண்டு. துணை சாஃப்டை முதலில் பொக்ஸின் அடியில் கிடத்திவிட்டு, முதன்மை சாஃப்ட் ஏறிய பிறகுதான் மேலே தூக்கவேண்டும். அது வரை ஊசிகள் சிதறாமல் இருக்க உள்ளே ஏதாவது இருக்கவேண்டும். சித்தப்பா ஒரு கொய்யாக் கம்பை அளவுக்குச் சீவி, கிரீஸ் பூசிக் கொடுத்தார். உண்மையான தண்டைத் தள்ளத் தள்ள கம்பு மறுபக்கம் வெளியே வந்தது.

கடைசியாக ஒயில். முன்பு ஒரு கராஜில் தடித்த கியர் ஒயில் ஊற்றியிருந்தார்கள். கியர் பொக்ஸ் என்றால் கியர் ஒயில் என்று யாரும் நினைப்பார்கள், குறை சொல்ல முடியாது. இந்த பொக்ஸுக்கு கம்பெனி சொன்னது எஞ்சினுக்கு ஊற்றும் அதே 30ஆம் இலக்க ஒயிலை, 1.3 லீற்றர் அளவில். பின் அச்சுக்கான கியர் ஒயில்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெண்கலத்தை அரிக்கக்கூடும், எங்கள் வளையங்கள் கறுத்துப் போயிருந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். தடிப்பும் பிரச்சினைதான். தை மாதத்து விடியலில், புல்லில் உறைபனி கிடக்கும் நேரத்தில், அந்த ஒயில் சீனிப்பாணி போல இறுகிவிடும். கூரான வளையம்கூட அதை அறுக்கத் திணறும்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலை வழியாக நானுஓயா வரை போனோம். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குச் சுண்டுவிரலால் இழுத்தேன், "டக்" என்று போனது. முதலாவது மட்டும் ஓடும்போது போட்டால் இப்போதும் கத்துகிறது. மொரிஸ்காரர்கள் அதற்கு வளையமே வைக்கவில்லை. நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடியும் கிளட்சை அமுக்கிப் போடவேண்டும். பழைய லொறிக்காரர்கள் எல்லாக் கியருக்கும் அப்படித்தான் போட்டார்கள். சித்தப்பாவுக்கு அந்தக் கால் வேலை வந்துவிட்டது, எனக்கு இன்னும் பத்துக்கு ஆறு தரம்தான் சரியாக விழுகிறது.