நிலக்கரியை மிச்சப்படுத்திய எந்திரம் ஏன் நிலக்கரியைத் தின்று தீர்த்தது?

1712-இல் தாமஸ் நியூகோமன் உருவாக்கிய நீராவி எந்திரம், சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை வெளியே இறைப்பதற்காகச் செய்யப்பட்டது. உருளைக்குள் நீராவியை நிரப்பி, அதன்மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சட்டெனக் குளிர்ந்து நீர்த்துளிகளாகச் சுருங்கியதும் உள்ளே ஏறத்தாழ வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். இதில் ஒரு பெரும் விரயம் ஒளிந்திருந்தது. நீராவியோடு சேர்ந்து உருளையின் கனத்த உலோகச் சுவரும் குளிர்ந்துவிடுவதால், அடுத்த முறை உள்ளே வரும் நீராவியில் பெரும்பகுதி அந்தச் சுவரை மறுபடி சூடாக்குவதிலேயே தீர்ந்துபோகும். நிலக்கரி குவிந்து கிடக்கும் சுரங்க வாயிலில் இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நிலக்கரியைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டிய இடங்களில்தான் இந்த எந்திரம் கட்டுப்படியாகவில்லை.

1769-இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற தீர்வு மிக எளிமையானது. நீராவியைக் குளிர்விப்பதற்கென்று உருளைக்கு வெளியே தனியாக ஓர் அறையை அமைத்தார். உருளை எப்போதும் சூடாகவே இருந்தது, அறை எப்போதும் குளிராகவே இருந்தது. அதே வேலைக்கு ஆகும் நிலக்கரி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வாட்டும் அவருடைய கூட்டாளி மேத்யூ போல்ட்டனும் வாடிக்கையாளர்களிடம் வாங்கிய கட்டணமே, மிச்சமான நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான். சிக்கனத்தையே விற்றுப் பிழைத்த தொழில் அது.

அப்படியானால் பிரிட்டனின் நிலக்கரிப் பயன்பாடு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 1865-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற இளம் பொருளியலாளர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டபோது, அங்கே ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் நிலக்கரி வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. எந்திரம் சிக்கனமாக ஆக, நீராவியால் செய்யும் வேலை மலிவாகிறது. வேலை மலிவானால் அதுவரை எந்திரத்தை நினைத்துப் பார்க்காத நூற்பாலையும் இரும்பாலையும் அதை வாங்குகின்றன. ஆகவே செலவாகும் மொத்த நிலக்கரி கூடுகிறது என்று அவர் விளக்கினார். 1913-இல் பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி ஏறத்தாழ 29 கோடி டன்னைத் தொட்டது.

பொருளாதார வளர்ச்சி, தொழில்நுட்பம், சூழல் என்ற மூன்றையும் பற்றிய இன்றைய விவாதங்களில் பெரும்பாலும் நழுவிப்போவது இந்த இடம்தான் என்று எண்ணுகிறேன். ஒரு பொருளைச் செய்ய ஆகும் எரிபொருள் குறைவதையும் மொத்தமாகச் செலவாகும் எரிபொருள் குறைவதையும் நாம் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். ஜப்பானிய அறிஞர் யோயிச்சி காயாவின் பெயரால் வழங்கும் சமன்பாடு இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. மக்கள்தொகை, தலைக்கு எவ்வளவு உற்பத்தி, அந்த உற்பத்திக்கு எவ்வளவு ஆற்றல், அந்த ஆற்றலுக்கு எவ்வளவு கரி உமிழ்வு (வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு) ஆகிய நான்கையும் பெருக்கினால் மொத்தக் கரி உமிழ்வு கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, பொருளாதாரம் ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர்கிறது, ஓர் அலகு உற்பத்திக்கான உமிழ்வோ ஆண்டுக்கு 2 விழுக்காடு குறைகிறது என்று கொள்வோம். 20 ஆண்டுகளில் தொழில்நுட்பம் உமிழ்வை அலகுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கும், பாராட்டத்தக்க சாதனைதான். ஆனால் அதற்குள் உற்பத்தி 80 விழுக்காடு பெருகியிருக்கும். மொத்த உமிழ்வு 20 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கும். வளிமண்டலத்துக்குத் தெரிவது இந்தக் கடைசி எண் மட்டுமே.

எல்லா இடத்திலும் சிக்கனம் இப்படிக் கைநழுவுவதில்லை. வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டி பாதி மின்சாரத்தில் ஓடினால், அதற்காக யாரும் இன்னொரு பெட்டி வாங்கி வைப்பதில்லை. தேவை நிறைந்துவிட்ட இடத்தில் மிச்சம் பெரும்பாலும் மிச்சமாகவே நிற்கும். வெளிச்சத்தின் கதை வேறு. பழைய குண்டு பல்பு 60 வாட் செலவில் தந்த வெளிச்சத்தை எல்.இ.டி. விளக்கு 10 வாட்டுக்குள் தந்துவிடுகிறது. ஆயினும் 2012 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் அளவீடுகளில், இரவில் வெளிச்சம் பாய்ந்த நிலப்பரப்பு ஆண்டுக்கு 2.2 விழுக்காடு விரிந்துகொண்டே போனது.

மொத்த அளவுக்கே வரம்பு கட்டும்போதுதான் கணக்கு மாறுகிறது. அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த அமெரிக்கா 1990-இல் சட்டம் இயற்றியது. மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் வெளியிடலாம் என்று உச்சவரம்பு விதித்து, அதை உரிமச் சீட்டுகளாகப் பங்கிட்டு, வாங்கவும் விற்கவும் அனுமதித்தது. 1980-இல் இருந்த அளவில் ஏறத்தாழ பாதியாகக் குறைப்பது இலக்கு. 2010-இல் உமிழ்வு அந்த இலக்குக்கும் வெகுவாகக் கீழே போயிருந்தது. புகையைக் கழுவும் கருவிகளும் கந்தகம் குறைந்த நிலக்கரியும் முன்பே இருந்தவைதான். மிச்சப்படுத்தியவருக்கு அந்த மிச்சம் சீட்டாகக் கையில் நின்றது. எத்தனை நிலையங்கள் புதிதாக வந்தாலும் மொத்தச் சீட்டுகளின் எண்ணிக்கை கூடவில்லை.

ஜெவன்ஸின் நாட்டில் விலையும் விதிகளும் சேர்ந்து இதே திசையில் கணக்கை மாற்றின. 2012-இல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலக்கரியிலிருந்து வந்தது. 2013-இல் கரி உமிழ்வுக்கு ஒரு குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. கூடவே கடல் காற்றாலைகள் பெருகின, பழைய நிலையங்களுக்கான புகை விதிகளும் இறுகின. 2020-இல் அந்தப் பங்கு 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 1882-இல் லண்டனில் பொதுமக்களுக்கு நிலக்கரி மின்சாரம் வழங்கத் தொடங்கிய அந்த நாடு, தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எஃகையும் சிமெண்டையும் வேறு நாட்டிலிருந்து வாங்கினால், அவற்றைச் செய்யும்போது எழுந்த புகை விற்ற நாட்டின் கணக்கில் ஏறும். வாங்கிய நாட்டின் ஏடு சுத்தமாக இருக்கும். இதை அடைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில், இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றின் கரி உமிழ்வைப் பதிவு செய்யத் தொடங்கியது; 2026 முதல் இறக்குமதியாகும் பொருள்களின் உமிழ்வுக்குக் கட்டணமும் உண்டு. தங்கள் மக்களுக்கு இப்போதுதான் வீடும் பாலமும் கட்டத் தொடங்கியிருக்கும் நாடுகள் இந்தக் கட்டணத்தைத் தங்கள் ஏற்றுமதியின் மீது விழும் சுமையாகப் பார்க்கின்றன. அவர்களின் முறையீடு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு அந்த நாடுகளின் உலைகளை மாற்றுவதற்கே திரும்பிச் சென்றால், ஓட்டையும் அடைபடும், உலையும் மாறும்.