பிரான்ஸ்ல வீடு கிடைச்சும் ஜாமீன் போட ஆள் இல்லயா? விசால் பத்தி தெரிஞ்சுக்கோங்க

பிரான்ஸுக்கு படிக்கவோ வேலைக்கோ போற நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இதுதான். வீடு பாத்தாச்சு, வாடகையும் கட்டுப்படியாகுது, பேசி முடிக்கற நேரத்துல ஏஜென்ட் "உங்க காரான் யாரு?"ன்னு கேப்பாரு. நீங்க வாடகை கட்டலைன்னா நான் கட்டறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கற ஆள்தான் காரான். அதுவும் பிரான்ஸ்லயே இருக்கணும், சம்பளம் வாடகைய விட மூணு மடங்கு இருக்கணும்னு கண்டிஷன் வேற போடுவாங்க. இறங்கி ரெண்டு வாரம்கூட ஆகாத ஆளு அப்படி ஒருத்தர எங்க போய் தேடறது?

இதுக்குத்தான் விசால்னு ஒரு கேரண்டி இருக்கு. ஆக்சியோன் லோஜ்மோன்னு ஒரு அமைப்பு 2016ல இருந்து நடத்துது, கம்பெனிங்க ஊழியர்களோட வீட்டுத் தேவைக்காக கட்டற நிதியில ஓடற அமைப்பு அது. உங்களுக்கு காரானா அவங்களே நிப்பாங்க. நீங்க ஒரு சென்ட் கட்ட வேண்டாம், ஓனரும் கட்ட வேண்டாம். தனியார் கம்பெனிங்களும் இதே வேலைய பண்றாங்க, ஆனா வாடகைல இவ்வளவு சதவீதம்னு வருஷா வருஷம் வாங்கிடுவாங்க. பேங்க்ல கேட்டா பல மாச வாடகைய மொத்தமா முடக்கி வைக்கச் சொல்லுவாங்க. அதனால முதல்ல விசால் கிடைக்குமான்னு பாருங்க, கிடைக்கலைன்னா மத்தத யோசிக்கலாம்.

யாருக்குக் கிடைக்கும்? 18ல இருந்து 30 வயசு வரைக்கும் (31வது பிறந்தநாள் வரலைன்னா ஓகே) மாணவரோ, வேலை பாக்கறவரோ, வேலை தேடறவரோ, யாரா இருந்தாலும் அப்ளை பண்ணலாம். 30 தாண்டினவங்களுக்கு கொஞ்சம் கஷ்டம், புதுசா வேலைல சேர்ந்திருக்கணும், இல்ல சம்பளம் கம்மியா இருக்கணும், இல்ல வேலைக்காக ஊர் மாறியிருக்கணும், இப்படி சில கண்டிஷன் இருக்கு. ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்ற நமக்கு லாங் ஸ்டே விசாவோ ரெசிடென்ஸ் பெர்மிட்டோ கையில இருக்கணும், டூரிஸ்ட் விசாவ வச்சுக்கிட்டு முயற்சி பண்ணாதீங்க. மாணவர்களுக்கு ஒரு வசதி என்னன்னா, வாடகை ஒரு வரம்புக்குள்ள இருந்தா வருமான ஆதாரமே கேக்க மாட்டாங்க. அந்த வரம்பு பாரிஸ் வட்டாரத்துல அதிகம், மத்த ஊர்ல கம்மி, அப்பப்ப மாத்தறாங்க, அதனால பழைய பதிவுல பாத்த தொகைய நம்பாம விசால் சைட்ல இருக்கற கால்குலேட்டர்ல போட்டுப் பாத்துடுங்க.

அப்ளை பண்றது எல்லாம் ஆன்லைன்லதான். பாஸ்போர்ட், விசா, காலேஜ் அட்மிஷன் பேப்பர் இல்லன்னா வேலை ஒப்பந்தம், இதெல்லாம் ஏத்தினா அவங்க பாத்துட்டு ஒரு சர்டிஃபிகேட் தருவாங்க. அதுலயே ஒரு நம்பர், எவ்வளவு வாடகை வரைக்கும் கேரண்டி, எந்த தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும். அந்த நம்பர ஓனர்கிட்ட குடுத்தா அவரும் சைட்ல ஒரு கணக்கு திறந்து வீட்டு விவரத்தப் போட்டு கேரண்டி ஒப்பந்தத்த எடுத்துக்கணும். இங்கதான் பல பேர் கோட்டை விடறாங்க: இதெல்லாம் வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி முடியணும். "இப்ப சைன் பண்ணிட்டு அப்புறமா விசால் எடுத்துக்கலாம்"னு ஏஜென்ட் சொன்னா ஒத்துக்காதீங்க, அப்புறம் எடுக்கவே முடியாது. வீடு தேட ஆரம்பிக்கும்போதே சர்டிஃபிகேட்ட வாங்கி ஃபைல்ல வச்சுட்டீங்கன்னா, ஒரே வீட்டுக்கு பல பேர் போட்டி போடற ஊர்ல அது ரொம்ப உதவும்.

ஷேரிங்ல போறவங்க ஒண்ணு கவனிங்க, ஆளுக்குத் தனித்தனி ஒப்பந்தமா இருக்கணும், எல்லாரும் சேர்ந்து ஒரே பேப்பர்ல கையெழுத்துப் போட்டா விசால் வேலைக்கு ஆகாது (ஜோடிக்கு மட்டும் விதிவிலக்கு). சொந்தக்காரங்க வீட்ட வாடகைக்கு எடுத்தாலும் செல்லாது.

சரி, ஓனர் ஏன் இதுக்கு ஒத்துக்கணும்? வாடகை வரலைன்னா தனியார் வீடுகளுக்கு 36 மாச வாடகை வரைக்கும் ஆக்சியோன் லோஜ்மோன் ஓனருக்குக் குடுக்கும், வீட்ட சேதப்படுத்தினாலும் ஒரு அளவு வரைக்கும் தரும். உங்க ஊர்ல இருக்கற மாமா கையெழுத்த விட அவருக்கு இது எவ்வளவோ பாதுகாப்பு. ஆனாலும் ஒத்துக்கியே ஆகணும்னு சட்டம் இல்ல, சில ஓனருங்க "எனக்கு மனுஷங்கதான் வேணும்"னு பிடிவாதமா இருப்பாங்க, அவங்கள விட்டுட்டு அடுத்த வீட்டப் பாருங்க. விசாலும் வேணும் கூடவே ஒரு ஆளும் வேணும்னு ரெண்டையும் கேக்கறது மட்டும் கூடாது. இன்னொரு விஷயம், இது இனாம் இல்ல. உங்களுக்காக கட்டின பணத்த பின்னாடி உங்ககிட்ட இருந்தே வசூல் பண்ணிடுவாங்க, தவணைல கட்டலாம், அவ்வளவுதான்.

சில பேருக்கு வெளிநாட்டுலயே நல்ல வருமானத்தோட அப்பாவோ அண்ணனோ இருப்பாங்க. அவங்கள காரானா காட்டினா "பிரெஞ்சுக்காரர் இல்ல, இங்க குடியிருக்கல"ன்னு காரணம் சொல்லி மறுக்கறது சட்டப்படி தப்பு, 1989 ஜூலை 6 தேதி வாடகைச் சட்டத்துலயே (பிரிவு 22-1) அது இருக்கு. நடைமுறைல வேற ஏதாவது சாக்கு சொல்லி தட்டிக் கழிப்பாங்கங்கறது வேற கதை, இருந்தாலும் அந்தப் பிரிவ மெயில்ல எழுதிக் கேட்டா சில பேர் இறங்கி வருவாங்க.

பேப்பர் விஷயத்துலயும் உஷாரா இருங்க. என்னென்ன கேக்கலாம்னு 2015 நவம்பர்ல வந்த ஆணைல ஒரு பட்டியல் இருக்கு, அதுல இல்லாதத கேக்கக் கூடாது. பேங்க் ஸ்டேட்மென்ட் கேக்கக் கூடாது, ஹெல்த் இன்ஷூரன்ஸ் கார்டு காப்பி கேக்கக் கூடாது, வீட்ட பிடிச்சு வைக்க அட்வான்ஸ் செக் கேக்கக் கூடாது. மீறினா தனி ஆளுக்கு 3,000 யூரோ வரைக்கும் அபராதம். சாவி தர்றதுக்கு முன்னாடி, வீட்டக்கூட காட்டாம பணம் அனுப்பச் சொல்றாங்கன்னா நூத்துக்கு தொண்ணூத்தொன்பது அது ஏமாத்து வேலை. உங்க பேப்பர கண்டவங்களுக்கு அனுப்ப பயமா இருந்தா டோசியே ஃபசில்னு அரசாங்கத்தோட இலவச சைட் இருக்கு, அதுல ஏத்தினா சரிபார்த்து வாட்டர்மார்க் போட்டு ஒரே லிங்க்கா தருவாங்க.

டெபாசிட் விசால்ல அடங்காது, அது உங்க கைக்காசு. ஃபர்னிச்சர் இல்லாத வீடுன்னா ஒரு மாச வாடகை, ஃபர்னிச்சரோட இருந்தா அதிகபட்சம் ரெண்டு மாசம், அதுக்கு மேல கேட்டா குடுக்க வேண்டாம். ஒண்ணுல இருந்து பத்து மாசம் வரைக்கும் மட்டும் தங்கறவங்களுக்கு பை மொபிலிதேன்னு ஒரு குறுகிய கால ஒப்பந்தம் இருக்கு, படிப்பு, ட்ரெயினிங், இன்டர்ன்ஷிப் மாதிரி காரணங்களுக்கு. அதுல டெபாசிட்டே கிடையாது, விசாலும் செல்லும். சந்தேகம் வந்தா பெரும்பாலான மாவட்டங்கள்ல ஆதில்னு இலவச வீட்டு ஆலோசனை அலுவலகம் இருக்கு, ஒப்பந்தத்த எடுத்துட்டுப் போனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே படிச்சுப் பாத்து எந்த வரி சட்டத்துக்குப் புறம்பானதுன்னு சொல்லிடுவாங்க.