சிங்க் லைசென்ஸ்: பாட்டைக் காட்சியோடு இணைக்கத் தரும் இசைவு

இந்தச் ‘சிங்க்’ அடுக்களையில் பாத்திரம் கழுவும் தொட்டி இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘சிங்க்ரனைசேஷன்’ என்ற நீளமான சொல்லின் தலைப்பகுதி மட்டும் நறுக்கப்பட்டுப் புழக்கத்துக்கு வந்தது. கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் கூட, ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். இரண்டு பொருள்கள் ஒரே காலத்தில் கூடவே ஓடுவது. படம் ஒரு சுருளிலும் ஒலி இன்னொரு சுருளிலும் பதிவான நாளில் இரண்டையும் பொருத்துவதுதான் சிங்க். கிளாப் பலகையைத் தட்டுவதும் அதற்காகத்தான். டப்பிங் தியேட்டரில் வாயசைப்பும் குரலும் பொருந்தாவிட்டால் ‘சிங்க் ஆகல’ என்பார்கள். லைசென்ஸ் லத்தீனிலிருந்து வந்தது. ‘லிக்கேரே’ என்றால் அனுமதிக்கப்பட்டிருத்தல்.

இரண்டும் சேர்ந்து தரும் பொருள்: ஏற்கெனவே இருக்கிற ஒரு பாட்டை, ஓடும் படத்தோடு சேர்த்துக்கொள்ள அதற்கு உரியவர் எழுத்தில் தரும் அனுமதி. வானொலியில் போடுவதும் மேடையில் பாடுவதும் காலர் டியூனும் இதில் அடங்கா. இந்தியச் சட்டத்தில் சிங்க் என்ற சொல்லே கிடையாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒரு படைப்பைக் கொண்டு திரைப்படமோ ஒலிப்பதிவோ செய்வதை உரிமையாளரின் தனியுரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. சினிமாக்காரர்கள் சிங்க் என்று சொல்வது அதைத்தான். அச்சட்டம் திரைப்படம் என்பதைக் காட்சிப்பதிவு என்று அகலமாகவே வரையறுப்பதால் டிவி சீரியல், விளம்பரம், ஓடிடி தொடர் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

திருநெல்வேலிப் பக்கம் வில்லுப்பாட்டுக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கேசட்டுக்கும் பாட்டு எழுதிய மூத்த பாட்டுக்காரர் ஒருவர், தம் பழைய பாட்டைப் படத்துக்குக் கொடுக்க முயலும்போது முதலில் இடறுவது இந்தச் சொல்லில்தான். “சிங்க்குக்கு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க ஐயா” என்று நீட்டப்படும் தாளில் இருப்பது உரிமமா, உரிமையா என்று பார்க்க வேண்டும். சொல்லின் கடைசியில்தான் வேறுபாடு.

உரிமை என்பது சொத்து. உரிமம் என்பது அந்தச் சொத்தை இன்னார் இன்னபடி பயன்படுத்தலாம் என்ற அனுமதி. திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பதநீர்ப் பருவத்துக்கு மரத்தைக் குத்தகைக்கு விடுவது ஒன்று; பனை நிற்கும் விளையையே கிரயம் எழுதிக் கொடுப்பது வேறொன்று. லைசென்ஸ் குத்தகையின் வகை. ‘அசைன்மென்ட்’ கிரயத்தின் வகை. அதற்கு ‘உரிமை மாற்றம்’ என்ற தமிழ் சரியாக இருக்கும். ஒரு பனையை ஒரே பருவத்தில் இரண்டு பேருக்கு விட முடியாது. பாட்டை விடலாம். ஒரே பாட்டு இந்த ஆண்டு ஒரு சீரியலிலும் அடுத்த ஆண்டு ஒரு படத்திலும் வரலாம், தாளில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற சொல் இல்லாத வரை. ‘தனியுரிமம்’ என்று அதை எழுதலாம். அதற்கு ஒப்புக்கொண்டால் மற்ற எல்லாக் கதவும் அடைபடும் என்பதால் விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

காப்புரிமை என்று இதை எழுதுவது தவறு. அது புதுக்கருவி கண்டுபிடித்தவருக்கான ‘பேட்டன்ட்’. பாட்டுக்கு உரியது பதிப்புரிமை.

இனி, யார் கையெழுத்துப் போட வேண்டும்? ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது. சொல் எழுதியவருடையது ஒன்று. மெட்டுப் போட்டவருடையது ஒன்று. ஒலிப்பதிவு மூன்றாவது. மெட்டை ஸ்வரப்படுத்தித் தாளில் எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையமைத்தவர் இசையமைத்தவர்தான். வில்லடித்துக்கொண்டே மெட்டுக் கட்டிய அண்ணாவிக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்த மெட்டு தலைமுறை தலைமுறையாக வருகிற பழைய கும்மி மெட்டாக இருந்தால் அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. பழைய மெட்டில் புதிய சொல் என்றால் சொல்லுக்கு மட்டுமே உரிமம் கொடுக்கலாம், அதைத் தாளிலும் அப்படியே எழுத வேண்டும். எல்லாமே என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் இன்னொருவர் வந்தால், ‘உரிமைக்கு நானே பொறுப்பு’ என்ற வாசகம் கழுத்தைப் பிடிக்கும்.

மூன்றாவதான ஒலிப்பதிவைச் சினிமாக்காரர்கள் ‘மாஸ்டர்’ என்கிறார்கள். இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். சிவன் கிழவராக வந்து சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில், நகலான படியோலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்த பின்னும் கிழவர் கலங்கவில்லை. அவரிடம் மூலஓலை இருந்தது. மாஸ்டர் என்பது மூலப்பதிவு. பதிவு செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவரையே சட்டம் அதன் தயாரிப்பாளராகக் கருதுகிறது. பாடியதாலோ எழுதியதாலோ அது நமக்குச் சொந்தமாகாது. கேசட் கம்பெனி தன் செலவில் ஸ்டுடியோ பிடித்துப் பதிவு செய்திருந்தால் மூலப்பதிவு பெரும்பாலும் அதனுடையது. ஆகவே ஒரு கேசட் பாட்டைப் படத்தில் வைக்க இரண்டு உரிமம் வேண்டும்: சொல்லும் மெட்டும் சேர்ந்த பாட்டுக்கு ஒன்று, மூலப்பதிவுக்கு ஒன்று. சிங்க் லைசென்ஸ் என்பது கறாராகப் பாட்டுக்கு உள்ளது மட்டுமே. மற்றது மாஸ்டர் லைசென்ஸ். பேச்சில் இரண்டையும் சேர்த்துச் சிங்க் என்றே சொல்லிவிடுவதால் பாதிக் குழப்பம்.

கம்பெனி மூடிப்போய் ஆளைத் தேட முடியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. அதே பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் பழைய மூலப்பதிவு தேவையில்லை. பாட்டுக்கு உரியவரின் இசைவு போதும். ஆனால் அந்தப் பாட்டையே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா என்பதைப் பழைய தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ள வேண்டும். அதற்குப் பின் எழுதிய தாளில் காலம் இல்லையென்றால் உரிமை திரும்பி வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு முந்திய தாளையும் ‘எக்காலத்துக்கும்’ என்று எழுதிய தாளையும் பதிப்புரிமை தெரிந்த வக்கீலிடம் காட்டாமல் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. கையெழுத்தே இல்லாமல் வாய்ப்பேச்சில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு பாட்டைக் கொடுத்தவர்கள் நிறைய. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும்.

பழைய கேசட்டைத்தான் கொடுக்கப் போகிறோம் என்றால், மொபைலை ஸ்பீக்கர் முன் பிடித்து எடுத்து அனுப்புவது பயன்படாது. கேசட்டை ஓட்டும் டெக்கிலிருந்து நேராக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுக்க வேண்டும். அதற்கு முன் நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது, கேசட்டுக்குள் இருக்கும் சின்னப் பஞ்சுப்பட்டை விழுந்திருந்தால் மாற்றுவது, ஹெட்டின் சாய்வைத் திருகிச் சரிசெய்வது மூன்றும் கட்டாயம். சாய்வு தவறினால் ஜால்ராவும் வில்மணியும் மங்கிப்போகும். பழைய டெக் சற்று வேகமாக ஓடினால் சுருதி ஏறிவிடும். பாடியவரின் சுருதி தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது நல்லது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை அதிகம் போட்டால் உடுக்கையின் கமகம் செத்துவிடும். இரைச்சலோடு ஒரு கோப்பு, லேசாகத் துடைத்த கோப்பு ஒன்று என இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால் குரலோடு ஒன்று, குரல் இல்லாமல் ஒன்று கட்டாயம் வேண்டும். வசனம் வரும் காட்சியில் குரல் இடிக்கும் என்பதால் குரலில்லாத கோப்பு இல்லாத பாட்டை எடிட்டர் தள்ளிவைத்துவிடுவார்.

30 நொடிக்குக் குறைவாக எடுத்தால் அனுமதி வேண்டாம் என்பது சினிமா வட்டாரத்தில் உலவும் பெரிய பொய். அப்படி எந்தப் பிரிவும் இந்தியச் சட்டத்தில் இல்லை. 8 நொடி என்றாலும் இசைவு வேண்டும். தொகை மட்டும் மாறும். எதைப் பொறுத்து மாறும் என்றால், எத்தனை நொடி, டைட்டிலிலா காட்சியிலா, பாத்திரம் வாயசைத்துப் பாடுகிறதா அல்லது டீக்கடை ரேடியோவில் பின்னால் கேட்கிறதா, ட்ரெய்லரிலும் வருமா என்பவற்றைப் பொறுத்து. ட்ரெய்லரும் விளம்பரமும் தனி. வேற்றுமொழி ரீமேக் தனி. தாளில் அவை ஒரே வரிக்குள் திணிக்கப்பட்டிருக்கும், பிரித்துக் கேட்க வேண்டும். மூலப்பதிவுக்காரருக்குப் பாட்டுக்காரரைவிட அதிகம் தரக் கூடாது, தந்தால் அதே அளவு பாட்டுக்காரருக்கும் உயர வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது வெளிநாடுகளில் வழக்கம். இங்கும் கேட்டுப் பார்க்கலாம்.

காலத்தைப் பற்றி ஒன்று. ‘என்றென்றைக்கும்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. வெளிவந்த படத்திலிருந்து 7 ஆண்டு கழித்துப் பாட்டை மட்டும் உருவி எடுக்க முடியாது. ஆகவே அந்தப் படம் இருக்கும் வரை என்று கேட்பது நியாயம்தான். குத்தகை உவமை இங்கே உதவாது. ‘இந்தப் படத்துக்கு மட்டும்’ என்ற சொல் கூடவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கையெழுத்துக்குத் தரும் மொத்தத் தொகை ஒரு வருமானம். சீரியல் ஒளிபரப்பாகும்போது வரும் ராயல்டி இன்னொன்று. படத்தில் சேர்ந்த பாட்டு, திரையரங்கில் அந்தப் படத்தோடு சேர்ந்து ஓடுவது தவிர வேறு எந்த வகையில் பயன்பட்டாலும், சமபங்கு ராயல்டி பெறும் உரிமையை எழுதியவரும் இசையமைத்தவரும் விட்டுக்கொடுக்க முடியாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. பாட்டு எழுதுவோருக்கும் இசையமைப்போருக்குமான சங்கமான ஐபிஆர்எஸ் வசூலித்துத் தருவது இந்த வகை ராயல்டியைத்தான். சிங்க் தொகையைப் பொதுவாக உரியவரே நேரில் பேசி வாங்க வேண்டும். ராயல்டி வந்து சேர ‘க்யூ ஷீட்’ சரியாக இருக்க வேண்டும். பாட்டின் பெயர், எழுதியவர், மெட்டமைத்தவர், எத்தனை நொடி, எப்படிப் பயன்பட்டது என்று தயாரிப்பு நிறுவனம் நிரப்பும் பட்டியல் அது, ‘இசைப்பட்டியல்’ எனலாம். நம் ஆட்களுக்குப் பணம் நிற்கும் இடம் இன்ஷியல்தான். கேசட் உறையில் ஊர்ப்பெயரோடு ஒன்று, பான் அட்டையில் அப்பா பெயரோடு ஒன்று, சங்க உறுப்பினர் பதிவில் வேறொன்று. மூன்றையும் ஒன்றாக்கிவிட வேண்டும். பான் எண் கொடுக்காவிட்டால் ராயல்டியில் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் வரிப்பிடித்தம் போகும். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் சான்றாக நிற்கும்: எழுத்துப் படைப்புக்கும் இசைப் படைப்புக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பித்த பின் மறுப்புக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஒத்திசைவு உரிமம்’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் மொபைலில் தொடர்புஎண்களை ஏற்றும் பொத்தானிலும் ஒத்திசைவுதான். சுருதி சேர்வதும் ஒத்திசைவுதான். படம் என்ற பொருளே அதில் இல்லை. ‘காட்சியிணைப்பு உரிமம்’ என்றால் எதனோடு எதைச் சேர்க்க என்பது கேட்டவுடன் விளங்கும். அரசுப் பயன்பாட்டில் லைசென்ஸ் ஏற்கெனவே உரிமம்தான், ஓட்டுநர் உரிமம் போல.

இதைவிட அழகான சொல் ஒன்று நம்மிடம் பழையதாகவே இருக்கிறது: இசைவு. இசை என்றால் பாட்டு. குறளின் ‘இசைபட வாழ்தல்’ என்பதில் புகழ். இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். கல்வெட்டுகளில் ஒப்பந்த ஆவணத்துக்கு ‘இசைவு தீட்டு’ என்று பெயர். இசையைக் காட்சிக்கு இசைய வைக்க உரியவர் இசைவது என்று மூன்றையும் ஒரு வேர்ச்சொல் தாங்குகிறது. கிரேக்கமும் லத்தீனும் சேர்ந்து செய்ததை இது ஒன்றே செய்கிறது. ஆனாலும் ஆவணத் தலைப்பில் வெறும் ‘இசைவு’ போதாது, உரிமம் என்ற சட்டச்சொல் வேண்டும். தலைப்பில் காட்சியிணைப்பு உரிமம், வாசகத்தில் ‘இசைகிறேன்’. இப்படி:

“இப்பாடலின் சொல்லுக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை உடைய நான், மேற்குறித்த தொடரின் 4ஆம் பகுதியில், கொடைக் காட்சியின் பின்னணியில், 40 நொடிக்கு மேற்படாமல் இதைச் சேர்த்துக்கொள்ள இசைகிறேன். இது தனியுரிமம் அன்று. ட்ரெய்லர், விளம்பரம், ரீமேக் இதில் அடங்கா. மூலப்பதிவுக்கான உரிமத்தை அதன் உரிமையாளரிடம் தயாரிப்பாளரே பெற வேண்டும். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். பெயர்ப்பட்டியலிலும் இசைப்பட்டியலிலும் என் பெயர் இங்குள்ள எழுத்துப்படியே வர வேண்டும்.”

இதன் ஆங்கிலப் படியும் கூடவே வரும். இரண்டுக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்பதை ஒரு வரியில் எழுதி, அந்த வரியின் பக்கத்திலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.