எட்டிப் பிடிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும்

விண்வெளிக் கலகக்காரர்களைப் பற்றிய கதைகளில் தவறாமல் வரும் காட்சி ஒன்று உண்டு. பேரரசின் காவற்கலங்கள் துரத்த, நாயகியின் சிறு கலம் ஒரு கோளைச் சுற்றித் தப்பி ஓடுகிறது. அவளை மீட்க நூறு கிலோமீட்டர் பின்னால் வந்துகொண்டிருக்கும் நாயகன் விசையை முழுதாக அழுத்துகிறான். பொறிகள் சீறுகின்றன, இடைவெளி சுருங்குகிறது, இரு கலங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிய பழக்கத்தில் எழுதப்பட்ட காட்சி இது. கோளைச் சுற்றும் பாதையில் இப்படிச் செய்கிற நாயகன் காதலியை விட்டு விலகித்தான் போவான்.

கோள் பூமி என்றும், இரு கலங்களும் 400 கி.மீ. உயரத்தில் ஒரே வட்டப்பாதையில் செல்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 7.67 கி.மீ. வேகத்தில் சென்றால்தான் கீழே விழாமல் சுற்றிக்கொண்டிருக்க முடியும். ஒரு சுற்றுக்குச் சுமார் 92 நிமிடம் ஆகும். இப்போது நாயகன் தன் வேகத்தை வினாடிக்கு 6 மீட்டர் கூட்டுகிறான். முதல் பத்து நிமிடம் எல்லாம் சரியாகவே தோன்றும். இடைவெளி இரண்டரை கி.மீ. வரை குறையும். கூடுதல் வேகம் அவனை முன்னே தள்ளுவதோடு நிற்காமல் மேலேயும் தூக்கிக்கொண்டிருப்பது அதற்குள் தெரியவந்துவிடும். உயரே போகப் போகக் கலம் வேகம் இழக்கும், பாதையும் நீளும். ஒரு சுற்று முடிந்து அவன் பழைய இடத்துக்குத் திரும்பும்போது இடைவெளி 100 கி.மீ. அன்று, 200 கி.மீ.

இதே நாயகன் 6 மீட்டர் வேகத்தைக் குறைத்திருந்தால் கதை மாறியிருக்கும். வேகம் குறைந்த கலம் பூமியை நோக்கிச் சற்றே தாழும். மேலிருந்து போட்ட கல்லைப் போல, தாழத் தாழ வேகம் பிடிக்கும். உயரத்தை விற்று வேகத்தை வாங்குகிற வியாபாரம் என்று இதைச் சொல்லலாம். பூமியின் மறுபக்கத்தில் அவன் காதலியின் பாதையைவிடச் சுமார் 21 கி.மீ. தாழ்வாகவும் அவளைவிட வேகமாகவும் போய்க்கொண்டிருப்பான். கோயிலின் வெளிப் பிராகாரத்தில் ஒருவரும் உள் பிராகாரத்தில் ஒருவரும் வலம் வந்தால், ஒரே நடை நடந்தாலும் உள்ளே வருபவர் முதலில் முடிப்பார். சுற்றுப்பாதையிலோ உள்ளே வருபவரின் நடையும் சேர்ந்தே விரைகிறது. ஆகவே ஒரு சுற்றின் முடிவில் அவன் 100 கி.மீ. முன்னேறி, அவளும் அதே புள்ளிக்கு வரும் கணத்தில் அங்கே இருப்பான். அப்போது இழந்த 6 மீட்டர் வேகத்தை மீண்டும் கூட்டிக்கொண்டால் இருவரும் அருகருகே பயணம் செய்யலாம். வினாடிக்கு 6 மீட்டர் என்பது ஊருக்குள் சைக்கிளை வேகமாக மிதிப்பவரின் வேகம்தான்.

விண்வெளி வீரர்களே இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றார்கள். 1965 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தை இயக்கிய ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மை மேலே கொண்டுவந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கை நெருங்க முயன்றார். கண்ணுக்குத் தெரிந்த இலக்கை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்தினார். அது மேலும் விலகியது. எரிபொருளில் பாதியை நெருங்கும் அளவு தீர்ந்த பிறகு முயற்சி கைவிடப்பட்டது. உள் பாதையில் செல்வது சுற்றை விரைவில் முடிக்கும் என்று வானியலாளர் கெப்ளர் கோள்களுக்கு வகுத்த விதியில் இதன் விடை முந்நூற்றைம்பது ஆண்டுகளாக இருந்தது என்றாலும், கண்ணெதிரே இலக்கு மிதக்கும்போது கை நேராகத்தான் போகும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இடைவெளி 1,000 கி.மீ. என்றால் வேகத்தை 60 மீட்டர் குறைத்து ஒரே சுற்றில் முடித்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் பாதையின் தாழ்ந்த முனை 190 கி.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும், அங்கே மெல்லிய காற்று கலத்தைத் தேய்க்கத் தொடங்கும், எரிபொருளும் பத்து மடங்கு செலவாகும். அதே 6 மீட்டரோடு பத்துச் சுற்றுகள் காத்திருந்தால் காரியம் சுமார் 15 மணி நேரத்தில் முடியும். திரைக்கதை ஆசிரியர்களுக்கு இந்தக் காத்திருப்பு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை; அடுத்த பத்துச் சுற்றுகளில் எந்த நிமிடம் காதலன் வந்து சேர்வான் என்பதைக் காவற்கலங்களும் துல்லியமாகக் கணக்கிட்டு வைத்திருக்கும் என்பது எவ்வளவு நல்ல நெருக்கடி!

கலகக்காரிக்கு ஒரு தற்காப்பும் உண்டு. பாதையின் சாய்வை மாற்றுவது மிகவும் செலவு பிடிக்கும் வேலை: ஒரே ஒரு பாகை சாய்ப்பதற்கு வினாடிக்கு 134 மீட்டர் வேக மாற்றம் வேண்டும். அவள் சாய்த்தால் துரத்துபவரும் அதே விலையைக் கொடுத்தாக வேண்டும். அவளை மீட்க வரும் காதலனும்தான்.

பக்கத்தில் போய்விட்டாலே சந்திப்பு ஆகிவிடாது. 1962 ஆகஸ்டில் சோவியத்தின் வோஸ்டாக் 3, 4 ஆகிய கலங்கள் சில கிலோமீட்டர் இடைவெளியில் கடந்து சென்றன. ஆனால் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பிச் செல்லும் வசதி அவற்றில் இல்லை. 1965 டிசம்பர் 15 அன்று ஜெமினி 6ஏ கலத்தைச் சுமார் ஆறு மணி நேரத்தில் ஜெமினி 7க்கு அருகே, 30 சென்டிமீட்டர் வரை, கொண்டுபோன வால்டர் ஷிர்ரா பிறகு இதைக் குறித்துக் கிண்டலாகச் சொன்னார்: வாகனங்கள் விரையும் தெருவின் மறுபக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து ஒருவன் நிற்கச் சொல்வதற்குள் அவள் போய்விடுகிறாள், அது ஒரு பார்வைதானே தவிர சந்திப்பு அன்று. இரு கலங்களுக்கும் இடையே சார்பு வேகம், அதாவது ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது நகரும் வேகம், முற்றிலும் நின்றால்தான் அவர் அதைச் சந்திப்பு என்று ஒப்புக்கொள்வார்.

அந்தக் கடைசி நிறுத்தத்தின் நுட்பத்தை, இரு கலங்களை விண்வெளியில் இணைத்துப் பார்த்த இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் அருகிலிருந்து பார்க்கலாம். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, தலா 220 கிலோ எடையுள்ள இரு கலங்கள் 475 கி.மீ. உயரத்தில் ஒன்றையொன்று நெருங்கின. துரத்தும் கலம் 5 கி.மீ., 1.5 கி.மீ., 500 மீட்டர், 225 மீட்டர் என்று ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வருவதே ஏற்பாடு. எதிர்பார்த்ததைவிட விலகல் மிகுந்ததால் இணைப்பு ஒருமுறை தள்ளிப்போனது. ஜனவரி 12 அன்று இடைவெளி 15 மீட்டராகக் குறைந்தபோது, உற்சாகமான கைகுலுக்கலுக்கு இன்னும் 50 அடிதான் என்று இஸ்ரோ பதிவிட்டது. கலம் 3 மீட்டர் வரை நெருங்கிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. நான்கு நாள் கழித்து, பூமியை மணிக்கு 27,000 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றியபடியே, ஒன்றை நோக்கி ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் நகர்ந்து, இரண்டும் இணைந்தன.