லண்டனில் ஒரு கோபுரத்துக்கு எப்படி அனுமதி கிடைக்கிறது?

2013 ஆகஸ்ட் கடைசியில், லண்டனின் ஈஸ்ட்சீப் தெருவில் நிறுத்தியிருந்த ஒரு ஜாகுவார் காரின் சில பாகங்கள் வெயிலில் உருகிப்போயின. பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த 37 மாடிக் கட்டடம்தான் காரணம். ஊரார் 'வாக்கி டாக்கி' என்று பெயர் வைத்த அந்தக் கட்டடத்தின் தெற்கு முகம் முழுக்கக் கண்ணாடி, அதுவும் உள்நோக்கி வளைந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்துக் குழி ஆடி செய்வதையே அது தெருவில் செய்தது. சூரியன் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கும் சில வாரங்களுக்கு, பகலில் இரண்டு மணி நேரம்போல வெயிலைக் குவித்தது. மறுவருடம் முகப்பில் குறுக்குப் பட்டைகள் பொருத்திச் சரிசெய்தார்கள்.

இது விதியை ஏமாற்றிக் கட்டிய கட்டடம் இல்லை. 2007-ல் பொது விசாரணை வரை போய், அமைச்சரின் ஒப்புதலோடு எழுந்தது. அந்த விசாரணையில் வாதமெல்லாம் நகரின் தோற்றத்தைப் பற்றியே சுழன்றது. வளைந்த கண்ணாடி வெயிலை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்பது பெரிய கேள்வியாக எழவில்லை. 2017-ல்தான் வெயில் குவிவது பற்றித் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சி; லண்டனின் நடுவில் 'சிட்டி' என்று அழைக்கப்படும் பழைய வணிகப் பகுதியை நிர்வகிப்பது அதுதான். வடிவமைப்புப் பரிசீலனையின் கேள்வித்தாள் பல இடங்களில் இப்படித்தான் நீண்டிருக்கிறது: முதலில் சேதம், அப்புறம் கேள்வி.

பிரிட்டனில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, நிலம் சொந்தமாக இருப்பதால் மட்டும் அதில் நினைத்ததைக் கட்டிவிட முடியாது. பெரிய திட்டம் என்றால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கட்டுநரும் மாநகராட்சித் திட்ட அதிகாரிகளும் உட்கார்ந்து பேசுவார்கள். பல ஊர்களில் வெளியிலிருந்து வரும் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் அடங்கிய குழு ஒன்று வரைபடங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும். அது ஆலோசனைதான், தீர்ப்பு இல்லை. பெரும்பாலும் பெரிய திட்டங்களில் முடிவெடுப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் குழு. சிட்டி எல்லைக்குள் 150 மீட்டரைத் தாண்டினால் லண்டன் மேயரின் பார்வைக்கும் போகவேண்டும்.

இந்தப் பரிசீலனையில் அழகைவிட என்னைக் கவர்வது காற்றுதான். உயரே போகப்போகக் காற்றின் வேகம் கூடும். அகலமான கோபுரத்தின் முகத்தில் மோதும் அந்த வேகக் காற்றில் ஒரு பகுதி மேலேறும், சில பகுதி பக்கங்களில் விலகும், மீதி சுவரோடு வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். இறங்கியது தரையில் சுழன்று, கட்டட மூலைகளில் நெருக்கப்பட்டு இன்னும் வேகமாகப் பாயும். அதாவது, வானத்துக் காற்றை நடைபாதைக்கு இறக்கிவிடுகிறது கட்டடம். லீட்ஸ் நகரின் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கோபுரத்தின் அடியில் 2011-ல் பலத்த காற்றில் ஒரு லாரி கவிழ்ந்து, நடந்து போனவர் ஒருவர் இறந்தார். பிற்பாடு தெருவுக்குக் குறுக்கே காற்றுத் தடுப்புகளை நிறுத்தவேண்டி வந்தது.

இதை முன்கூட்டியே அறியத்தான் காற்றுச் சுரங்கச் சோதனை. கோபுரத்தையும் சுற்றியுள்ள தெருக்களையும் 300-ல் ஒரு பங்காகச் சுருக்கி, சுழலும் மேடையில் வைக்கிறார்கள். தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் மனிதர்மேல் படும் காற்று, மாதிரியில் வெறும் 5 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். வாசல், பேருந்து நிறுத்தம், சாலை கடக்கும் இடம் என்று புள்ளி புள்ளியாக அங்கே சிறு உணரிகளைப் பதித்து, மேடையைப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி 36 திசைகளிலும் காற்றை ஊதுவார்கள். அந்த அளவீடுகளை விமான நிலையங்களின் பல வருடக் காற்றுப் பதிவுகளோடு பொருத்தினால், ஒவ்வொரு புள்ளியிலும் வருடம் முழுக்க எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். சிட்டியின் 2019 வழிகாட்டுதல்படி, 100-க்கு 95 பங்கு நேரம் நொடிக்கு 4 மீட்டருக்குள் இருந்தால் அவ்வப்போது உட்காரலாம், 6-க்குள் நிற்கலாம், 8-க்குள் நடக்கலாம். அதற்கு மேல் போனால் அந்த இடம் யாருக்கும் வசதிப்படாது.

வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு. எதிர்வீட்டு ஜன்னலின் நடுவிலிருந்து பார்த்தால் வானம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் அளவு. அது 27 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, முன்பு இருந்ததில் ஐந்தில் நான்கு பங்குகூட இல்லையென்றால், குடியிருப்பவருக்கு இருட்டு உறைக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் பார்வை. ரிச்மண்ட் பூங்காவில் உள்ள ஒரு மேட்டில், வேலிச் செடியில் வெட்டிவைத்த இடைவெளி வழியே 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செயின்ட் பால் பேராலயக் குவிமாடம் தெரியும். அந்தப் பார்வைக்கோட்டில் யாரும் உயரக் கட்டக்கூடாது. இப்படிக் காக்கப்படும் பார்வைகள் லண்டனில் பல. லெடன்ஹால் கோபுரத்தின் ஒரு பக்கம் மேலே போகப்போகச் சாய்ந்து ஒதுங்குவதும், ஃப்ளீட் தெருவிலிருந்து பேராலயத்தைப் பார்ப்பவருக்கு இடையூறாக நிற்கக்கூடாது என்பதற்காகத்தான். ஆனால் பேராலயத்துக்குப் பின்னால் பல கிலோமீட்டர் தூரத்தில், ஸ்ட்ராட்ஃபோர்டில் எழுந்த ஒரு கோபுரம் 2016-ல் பூங்கா மேட்டின் காட்சியில் குவிமாடத்தோடு ஒட்டிக்கொண்டு தலைகாட்டியது. முன்னாலும் பேராலயத்துக்கு அருகிலும் இருந்த காவல், அவ்வளவு தூரப் பின்புலத்தில் பலிக்கவில்லை. எனக்கு இது வெறும் கவனக்குறைவாகத் தெரியவில்லை. வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டவர்கள் அதற்கு அப்பால் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

காற்று, வெளிச்சம், பார்வை பற்றிய இந்த ஆய்வுகளின் அறிக்கைகள் எல்லாம் மாநகராட்சியின் இணையதளத்தில் யாரும் படிக்கக் கிடைக்கும். கருத்து எழுத வழக்கமாகக் குறைந்தது 21 நாள் உண்டு. வீட்டு விலை குறையும் என்றோ, என் ஜன்னல் காட்சி போய்விடும் என்றோ எழுதினால் எடுபடாது. காற்றுச் சோதனை அறிக்கையின் பின்பகுதியில் வண்ணப் புள்ளிகளோடு ஒரு வரைபடம் இருக்கும். அதில் பேருந்து நிறுத்தத்தின் மேல் 'நடக்க மட்டும்' என்ற நிறம் விழுந்திருந்தால், அந்தப் புள்ளியின் எண்ணைக் குறிப்பிட்டு, மக்கள் நின்று காத்திருக்கும் இடம் இது என்று எழுதலாம். அந்தக் கேள்வியை அதிகாரிகளால் எளிதில் தள்ளிவிட முடியாது.